ஆங்கில இலக்கண, இலக்கியக் கலைச்சொற்கள்: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளிப்படிப்பைத் தமிழ்வழியில் முடித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்தவர்களை முதலில் திணறடிப்பது பெரும்பாலும் கவிதையோ நாடகமோ இல்லை. பாடம் நடத்தும்போது நடுநடுவே வந்து விழும் கலைச்சொற்கள்தான். ஜெரண்ட், ஆஸ்பெக்ட், அயாம்பிக், மெட்டானிமி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரையறையை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். வாக்கியத்தைக் கையில் கொடுத்தால் எது எதுவென்று தெரிவதில்லை. வரையறையை விட்டுவிட்டு, 'இந்த இடத்தில் இந்தச் சொல் என்ன வேலை செய்கிறது?' என்று கேட்டுப் பழகினால் பாதிக் குழப்பம் போய்விடும். நன்னூலும் யாப்பும் ஓரளவு படித்த தமிழ் மாணவருக்கு இந்தக் கேள்வி புதிதும் இல்லை. கீழே இருப்பவை என்னிடம் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை.

ஒரு சொல்லைப் பார்த்ததும் அது நவுனா (பெயர்ச்சொல்) வெர்பா (வினைச்சொல்) என்று சொல்லிவிட முடியுமா?

முடியாது. அகராதியில் தனியாக நிற்கும் சொல்லுக்கு அந்த அடையாளம் பாதிதான் உண்டு. வாக்கியத்துக்குள் வந்த பிறகுதான் முழுமையாகத் தெரியும்.

'ரவுண்ட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'எ ரவுண்ட் டேபிள்' என்றால் அது மேசையின் வடிவத்தைச் சொல்லும் அட்ஜெக்டிவ். 'தி ஃபர்ஸ்ட் ரவுண்ட்' என்றால் நவுன். 'வி ரவுண்டட் தி கார்னர்' என்றால் வெர்ப். 'ஹி டர்ன்ட் ரவுண்ட்' என்றால் எப்படித் திரும்பினான் என்று சொல்லும் அட்வெர்ப். 'தே சாட் ரவுண்ட் தி ஃபயர்' என்றால், நெருப்புக்கும் உட்கார்ந்தவர்களுக்கும் உள்ள உறவைச் சொல்லும் ப்ரிபோசிஷன். சொல் ஒன்று, வேலை ஐந்து.

நம் 'படி'யும் இப்படித்தான். மாடிப்படியில் அது பெயர்; 'நன்றாகப் படி' என்றால் வினை; 'அவர் சொன்னபடி செய்' என்னும்போது இரண்டும் இல்லை. இதில் நாம் யாரும் குழம்புவதில்லை. அதே கண்ணோடு ஆங்கிலத்தைப் பார்த்தால் போதும்.

பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச், அதாவது சொல்வகைகள், எட்டு என்று பள்ளியில் படித்தோம். இப்போது ஒன்பது, பத்து என்கிறார்களே?

எட்டு என்ற எண் ஆங்கிலத்தைப் பார்த்து எண்ணியது இல்லை. பழைய கிரேக்க இலக்கணத்தில் எட்டு வகைகள் இருந்தன. அவற்றில் ஆர்ட்டிகிளும் (ஆங்கிலத்தில் 'எ', 'தி' போன்றவை) ஒன்று. லத்தீனில் ஆர்ட்டிகிளே கிடையாது. அதனால் லத்தீன் இலக்கணக்காரர்கள் அதை எடுத்துவிட்டு, வியப்புச் சொல்லான இண்டர்ஜெக்ஷனைச் சேர்த்தார்கள். எண்ணிக்கை எட்டாகவே நின்றது. அந்த லத்தீன் சட்டகம்தான் சில மாற்றங்களோடு ஆங்கிலத்துக்கு வந்தது.

இதனால் 'எ', 'தி', 'திஸ்', 'மை', 'சம்' போன்ற சொற்களுக்குச் சரியான இடம் கிடைக்கவில்லை. பழைய பாடப்புத்தகங்கள் இவற்றில் பலவற்றை அட்ஜெக்டிவில் போட்டுவிடும். இன்றைய இலக்கணங்கள் டிடர்மினர் என்று தனி வகையே வைக்கின்றன. காரணம் நியாயமானது: 'எ பிக் ரெட் பால்' என்று அட்ஜெக்டிவை அடுக்கிக்கொண்டே போகலாம், ஆனால் 'எ மை பால்' என்று சொல்லவே முடியாது. தேர்வுக்கு உங்கள் பாடத்திட்டம் எந்த முறையைப் பின்பற்றுகிறதோ அதையே எழுதுங்கள். புரிந்துகொள்ள டிடர்மினர்தான் உதவும்.

'எ', 'அன்' எங்கே வரும் என்பதில் எப்போதும் தடுமாற்றம். சுலபமான வழி உண்டா?

தமிழில் 'ஒரு மரம்', 'ஓர் ஊர்' என்று எழுதுகிறோம். அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் ஓர், மற்ற இடத்தில் ஒரு. ஆங்கில விதியும் அதேதான், ஆனால் எழுத்தைப் பார்க்கக் கூடாது, ஒலியைக் கேட்க வேண்டும். ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள், விடை தானே தெரியும். 'யுனிவர்சிட்டி' யகரத்தில் தொடங்குகிறது, ஆகவே 'எ யுனிவர்சிட்டி'. மணிநேரத்தைக் குறிக்கும் 'அவர்' அகரத்தில் தொடங்குகிறது, ஆகவே 'அன் அவர்'. 'எம்.ஏ.' எகரத்தில் தொடங்குகிறது, ஆகவே 'அன் எம்.ஏ. டிகிரி'. ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்தால் இந்த மூன்றிலும் தப்பாகத்தான் தோன்றும்.

வரலாற்றில் 'அன்'தான் மூத்தது. 'ஒன்று' என்ற பொருளுள்ள பழைய சொல்லிலிருந்து வந்து, மெய்யொலிக்கு முன்னால் னகரத்தை இழந்து 'எ' ஆயிற்று. அந்த னகரம் எந்தச் சொல்லோடு சேரும் என்பதில் மக்களே குழம்பியதுண்டு. சமையலில் கட்டும் 'ஏப்ரன்' முன்பு 'நேப்ரன்'. 'எ நேப்ரன்' என்பது காதில் 'அன் ஏப்ரன்' என்று விழுந்து அப்படியே நிலைத்துவிட்டது.

சரி, 'தி' எப்போது போடுவது?

கேட்பவருக்கு எது என்று ஏற்கெனவே தெரியும் என்றால் 'தி'. முதல்முறை சொல்லும்போது 'ஐ பாட் எ சைக்கிள்'. அடுத்த வாக்கியத்தில் 'தி சைக்கிள் ஹாஸ் நோ பெல்'.

தமிழில் ஆர்ட்டிகிள் இல்லாததால் இந்த வேறுபாடே நமக்கு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்டு. 'புத்தகம் வாங்கினேன்' என்பதையும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதையும் சொல்லிப் பாருங்கள். இரண்டாவதைக் கேட்டவர் 'எந்தப் புத்தகம்?' என்று கேட்க மாட்டார். பேச்சில் முன்பே வந்த புத்தகம் என்று எடுத்துக்கொள்வார். அஃறிணையில் இரண்டாம் வேற்றுமை உருபு செய்கிற இந்த வேலை, 'தி' செய்யும் வேலைக்கு வெகு நெருக்கம். 'ஐ' உருபு தோன்றும் இடத்தில் 'தி' வருமா என்று ஒருமுறை யோசிப்பது நல்ல பழக்கம். எல்லா இடத்திலும் பொருந்தாது, ஆனால் பல இடங்களில் காப்பாற்றும்.

ஃப்ரேஸ் (சொற்றொடர்), கிளாஸ் (வாக்கியக் கூறு) இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

முற்று இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளி இலக்கண முறைப்படி, காலம் காட்டும் முற்றுவினை இருந்தால் கிளாஸ், இல்லாவிட்டால் ஃப்ரேஸ். 'இன் தி மார்னிங்' ஃப்ரேஸ். 'வென் தி சன் ரோஸ்' கிளாஸ். ஆனால் தனியாக நிற்காது, இன்னொரு கிளாஸைத் தேடும். இன்றைய இலக்கணங்கள் முற்றில்லாத கிளாஸையும் ஒப்புக்கொள்கின்றன. முதலாண்டில் அதை எண்ணிக் கவலைப்பட வேண்டாம்.

தமிழ் மாணவர் வழுக்கும் இடம் வேறு. 'மழை பெய்ததால் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள்' என்ற வாக்கியத்தில் முற்று ஒன்றே ஒன்றுதான். 'பெய்ததால்' முற்று இல்லை. ஆங்கிலத்திலோ 'பிகாஸ் இட் ரெயின்ட்' என்று அங்கும் ஒரு முற்று வந்து உட்கார்ந்துவிடுகிறது. முற்று வந்துவிட்டதே, வாக்கியம் முடிந்தது என்று நினைத்து அங்கே முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள். விடைத்தாளில் 'பிகாஸ்' என்று தொடங்கி அந்தரத்தில் நிற்கும் வாக்கியங்களில் நிறைய இப்படிப் பிறந்தவைதான்.

ரிலேட்டிவ் கிளாஸ் நம் பெயரெச்சத் தொடரின் வேலையைச் செய்கிறது, இடம் மட்டும் மாறுகிறது. 'நேற்று வந்த பையன்' என்பதில் எச்சம் முன்னால். 'தி பாய் ஹூ கேம் எஸ்டர்டே' என்பதில் பின்னால். இங்கே கமாவைக் கவனியுங்கள். 'மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் மதுரை' என்று கமா இல்லாமல் எழுதினால், எனக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சகோதரர்கள் உண்டு, அவர்களில் மதுரைக்காரரைச் சொல்கிறேன் என்று பொருள். 'மை பிரதர்' என்ற சொற்களுக்குப் பிறகு கமா போட்டால், யாரைச் சொல்கிறேன் என்பது ஏற்கெனவே தெரியும். மதுரை என்பது கூடுதல் தகவல். முதலாவது டிஃபைனிங், இரண்டாவது நான்-டிஃபைனிங்.

ஆங்கிலத்தில் டென்ஸ் எத்தனை? மூன்றா, பன்னிரண்டா, இரண்டா?

மூன்று விடைகளும் புழக்கத்தில் உள்ளன. மூன்றுமே வேறுவேறு பொருள்களை எண்ணுகின்றன.

வினைச்சொல்லின் உருவத்தை மட்டும் எண்ணினால் இரண்டுதான்: 'வாக்', 'வாக்ட்'. எதிர்காலத்துக்கென்று வினை தன் உருவத்தை மாற்றிக்கொள்வதில்லை; 'வில்' போன்ற துணைவினையைக் கடன் வாங்குகிறது. தமிழில் 'நடந்தான், நடக்கிறான், நடப்பான்' என்று மூன்றுக்கும் இடைநிலை உண்டு. பள்ளியில் சொல்லும் மூன்று, காலத்தைப் பொருளால் எண்ணியது. பன்னிரண்டு என்பது இந்த மூன்றை சிம்பிள், கன்டினுவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினுவஸ் என்ற நான்கால் பெருக்கியது.

அந்த நான்கும் டென்ஸ் இல்லை, ஆஸ்பெக்ட். டென்ஸ் 'எப்போது' என்று சொல்லும். ஆஸ்பெக்ட், செயலை எப்படிப் பார்க்கிறோம் என்று சொல்லும்: முழுசாகவா, நடுவில் ஓடிக்கொண்டிருப்பதாகவா, முடிந்து அதன் விளைவு நிற்பதாகவா. இதைப் பிரித்துப் பார்க்காமல் பன்னிரண்டு வரிசையை அட்டவணையாக உருப்போடுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

காலமும் டென்ஸும் ஒன்றுக்கொன்று பூட்டியவையும் இல்லை. 'தி ட்ரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாரோ' என்பதில் டென்ஸ் நிகழ்காலம், நேரம் நாளை. 'இஃப் ஐ ஹாட் மணி' என்பதில் டென்ஸ் இறந்தகாலம், ஆனால் பேச்சு இப்போது கையில் இல்லாத பணத்தைப் பற்றியது. இங்கே இறந்தகால உருவம் காட்டுவது உண்மையிலிருந்து உள்ள தொலைவை.

'ஐ ஹாவ் சீன் ஹிம் எஸ்டர்டே' ஏன் தப்பு?

கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது, ஏனென்றால் இந்தப் பிழை நம் தாய்மொழியிலிருந்தே வருகிறது.

காலையில் எழுந்து வாசலைப் பார்க்கிறீர்கள். தரை ஈரம். 'மழை பெய்திருக்கிறது' என்கிறீர்கள். மழையை நீங்கள் பார்க்கவில்லை. இப்போதுள்ள ஈரத்தை வைத்துச் சொல்கிறீர்கள். ஆங்கிலத்தில் 'இட் ஹாஸ் ரெயின்ட்'. இதுவரை இரண்டு மொழியும் சேர்ந்தே நடக்கின்றன. இப்போது தமிழில் 'நேற்று ராத்திரி மழை பெய்திருக்கிறது' என்று சொல்லிப் பாருங்கள். கொஞ்சமும் உறுத்தாது. ஆங்கிலத்தில் 'இட் ஹாஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்' என்று சொல்ல முடியாது. முடிந்துபோன ஒரு நேரத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட உடனே பிரசண்ட் பெர்ஃபெக்ட் விலகிக்கொள்ளும், சிம்பிள் பாஸ்ட் வந்துவிடும்: 'இட் ரெயின்ட் லாஸ்ட் நைட்'.

'ஐ லாஸ்ட் மை கீ', 'ஐ ஹாவ் லாஸ்ட் மை கீ' என்ற இரண்டையும் ஒப்பிடுங்கள். முதலாவதில் சாவி தொலைந்தது. பிறகு கிடைத்ததா இல்லையா என்று வாக்கியம் சொல்லவில்லை. இரண்டாவதைக் கேட்டவர் சாவி இன்னும் கிடைக்கவில்லை என்று எடுத்துக்கொள்வார். 'பிரசண்ட்' என்ற சொல் பெயரிலேயே இருப்பது இதனால்தான்: பேச்சு இன்றைய நிலையைப் பற்றியது.

அமெரிக்க ஆங்கிலத்தில் 'ஜஸ்ட்', 'ஆல்ரெடி' போன்ற சொற்களோடு சிம்பிள் பாஸ்ட் சகஜமாக வரும். படத்தில் கேட்டுவிட்டு விதியே பொய் என்று நினைக்க வேண்டாம்.

பேசிவ் வாய்ஸ் என்பதைப் பிறவினை என்று சொல்லலாமா?

கூடாது. இந்தக் குழப்பம் மிகப் பரவலாக இருக்கிறது. ஆக்டிவ், பேசிவ் என்பவை செய்வினை, செயப்பாட்டுவினை. தன்வினை, பிறவினை என்பது வேறு ஜோடி. 'உண்டான்' தன்வினை, 'உண்பித்தான்' பிறவினை. பிறரைச் செய்ய வைப்பது. இதை ஆங்கிலத்தில் காசடிவ் என்பார்கள்: 'ஷி மேட் ஹிம் ஈட்'. அந்த வாக்கியம் முழுக்க ஆக்டிவ்தான்.

பேசிவாக மாற்றச் செயப்படுபொருள் வேண்டும். 'ஹி ஸ்லெப்ட்' என்பதை மாற்ற வழியில்லை, ஏனென்றால் அது செயப்படுபொருள் குன்றிய வினை.

மாற்றிப் போடும் பயிற்சியைப் பள்ளியில் ஆண்டுக்கணக்கில் செய்கிறோம். எதற்காக மாற்றுகிறோம் என்று அதிகம் பேசுவதில்லை. செய்தவர் யாரென்று தெரியாதபோது, முக்கியமில்லாதபோது, அல்லது மறைக்க வேண்டியபோது பேசிவ் வரும். 'இங்கே பழைய நகைகள் வாங்கப்படும்' என்ற பலகையில் யார் வாங்குவார் என்பது தேவையில்லை. 'மிஸ்டேக்ஸ் வேர் மேட்' என்று ஓர் அறிக்கை சொல்லும்போது, தவறு செய்தவர் வாக்கியத்திலிருந்தே காணாமல் போய்விடுகிறார். செய்தித்தாளில் பேசிவ் வரும் இடங்களைக் கோடிட்டு, யார் விடுபட்டிருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். இலக்கணம் எவ்வளவு அரசியல் செய்கிறது என்று அப்போது புரியும்.

ஒரே 'இங்' விகுதி. ஒரு இடத்தில் ஜெரண்ட், ஒரு இடத்தில் பார்ட்டிசிபிள். எப்படிப் பிரிப்பது?

தமிழில் மொழிபெயர்த்துப் பாருங்கள். தொழிற்பெயர் வந்தால் ஜெரண்ட்: 'ஸ்விம்மிங் இஸ் குட்', நீந்துதல் நல்லது. பெயரெச்சமோ வினையெச்சமோ வந்தால் பார்ட்டிசிபிள்.

'எ ஸ்லீப்பிங் சைல்ட்' தூங்குகிற குழந்தை. பெயரெச்சம், ஆகவே பார்ட்டிசிபிள். 'எ ஸ்லீப்பிங் பில்' தூங்குகிற மாத்திரை இல்லை, தூக்கத்துக்கான மாத்திரை, ஆகவே ஜெரண்ட்.

டாங்ளிங் பார்ட்டிசிபிள் என்று ஒரு பிழை உண்டு. 'வாக்கிங் டு ஸ்கூல், எ டாக் பிட் மீ' என்று எழுதினால், பள்ளிக்கு நடந்து போனது நாய் என்றாகிவிடும். முன்னால் வரும் பார்ட்டிசிபிளுக்கு எழுவாய், பின்னால் வரும் வாக்கியத்தின் எழுவாயேதான்.

வாக்கியத்தை ப்ரிபோசிஷனில் முடிக்கக் கூடாதாமே?

முடிக்கலாம். 'ஹூ ஆர் யூ டாக்கிங் டு?' நல்ல ஆங்கிலம். 1672-இல் கவிஞர் டிரைடன் இதைக் குறை சொன்னார். 1762-இல் இலக்கண நூல் எழுதிய ராபர்ட் லோத், சாதாரணப் பேச்சுக்கு இது பொருந்தும், உயர்ந்த நடைக்கு முன்னால் வைப்பது நல்லது என்றுதான் சொன்னார். பின்னால் வந்தவர்கள் அதைத் தடைச்சட்டம் ஆக்கிவிட்டார்கள்.

சிமிலி உவமை, மெட்டஃபர் உருவகம். இவ்வளவுதானா?

ஏறத்தாழ அவ்வளவுதான். 'லைக்', 'ஆஸ்' வந்தால் சிமிலி என்று மட்டும் படிக்காதீர்கள். 'ஹி லுக்ஸ் லைக் ஹிஸ் ஃபாதர்' வெறும் ஒப்பீடு. இரண்டு வேறு இனப் பொருள்களைச் சேர்த்து, ஒன்றின் ஒளியில் மற்றொன்றைக் காட்டினால்தான் சிமிலி.

மெட்டஃபரைப் பேச 1936-இல் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் டெனர், வெஹிகிள் என்று இரண்டு சொற்களைக் கொடுத்தார். நமக்கு அவை பழைய நண்பர்கள்: உவமேயமும் உவமானமும்.

மெட்டானிமி நம் ஆகுபெயர் வகையைச் சேர்ந்தது. அரசியைச் சொல்ல 'தி கிரௌன்' என்பது போல, தொடர்புள்ள ஒன்றன் பெயர் மற்றொன்றுக்கு ஆகிவருவது. உறுப்பின் பெயர் முழுமைக்கு ஆனால் சினெக்டகி. 'தலைக்கு ஒரு பழம் கொடு' என்பதில் வரும் சினையாகுபெயர் அதற்குக் கச்சிதமான எடுத்துக்காட்டு. உருவகத்தில் ஒற்றுமை அடிப்படை, ஆகுபெயரில் தொடர்பு அடிப்படை. கிரீடம் அரசியைப் போல இருப்பதில்லை. அரசியின் தலையில் இருக்கிறது.

அலிட்டரேஷன் மோனை, ரைம் எதுகை. சரியா?

முதலாவது ஓரளவு சரி. இரண்டாவது தவறு, ஆனாலும் பல கையேடுகளில் அப்படியே அச்சாகிவருகிறது.

'அகர முதல எழுத்தெல்லாம் ஆதி / பகவன் முதற்றே உலகு.' இதில் 'அகர', 'பகவன்' இரண்டிலும் இரண்டாம் எழுத்து ககரம். அது எதுகை, அடியின் தொடக்கத்தில் நிற்கிறது. அடியின் முடிவில் 'ஆதி', 'உலகு' இரண்டுக்கும் ஒலி ஒற்றுமையே இல்லை. ஆங்கில ரைம் வழக்கமாக வருவதோ அடியின் கடைசியில். அதற்கு நம்மிடம் உள்ள நெருங்கிய பெயர் இயைபு.

அலிட்டரேஷனை ஒலியால் அறிய வேண்டும், எழுத்தால் இல்லை. பழைய ஆங்கிலச் செய்யுளில் அது அலங்காரமாகக் கூட இல்லை. அடியின் இரண்டு பாதிகளையும் கட்டிப்போடும் யாப்பே அதுதான். அடியிறுதி ரைம் ஆங்கிலத்தில் வேரூன்றியது அதற்குப் பிறகு.

ஐ ரைம், அதாவது கண்ணுக்கு மட்டும் ஒத்துவரும் ரைம் என்று ஒன்று உண்டு. 'லவ்', 'ப்ரூவ்' இரண்டும் ஆங்கில எழுத்தில் ஒரே மாதிரி முடியும். தமிழில் எழுதினால் ஒலி வேறு என்று உடனே தெரிகிறது. ஷேக்ஸ்பியர் காலத்தில் இப்படிப்பட்ட சில ஜோடிகள் நெருக்கமாக ஒலித்திருக்கும் என்பது உச்சரிப்பு வரலாறு படித்தவர்களின் கருத்து. பழைய கவிதையில் இப்படி ஒன்று கண்ணில் பட்டால், கவிஞர் தவறிவிட்டார் என்று எழுதிவிடாதீர்கள்.

அயாம்பிக் பெண்டாமீட்டர் என்றாலே பயம். அசை பிரிப்பது போலத்தானா?

பிரிக்கும் முறை ஒன்று, அளக்கும் பொருள் வேறு. தமிழ் அசை குறில், நெடில், ஒற்று ஆகியவற்றைப் பார்க்கும். 'பால்' நேர், 'பலா' நிரை. யார் எப்படி அழுத்திச் சொன்னாலும் மாறாது. ஆங்கில யாப்பு அளப்பது அழுத்தத்தை, அதாவது ஸ்டிரெஸ்ஸை. 'ரெகார்ட்' நவுனாக வரும்போது அழுத்தம் முதல் அசையில். வெர்பாக வரும்போது இரண்டாம் அசையில். இதைக் காது பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் எண்ணிக்கைதான்.

அழுத்தமில்லாத அசை ஒன்று, அழுத்தமுள்ள அசை ஒன்று. இந்த ஜோடி அயாம்ப். இப்படி ஐந்து ஜோடி ஓர் அடியில் வந்தால் அயாம்பிக் பெண்டாமீட்டர். ஒவ்வொரு ஜோடியும் ஒரு ஃபுட். நம் சீரின் இடம். ஷேக்ஸ்பியரின் பதினெட்டாம் சானெட்டின் முதல் அடியை இப்படிப் பிரிக்கலாம்:

ஷல் ஐ / கம்பேர் / தீ டு / எ சம் / மர்ஸ் டே

'கம்பேர்' என்பதில் 'பேர்' அழுந்துகிறது. 'சம்மர்ஸ்' என்ற ஒரே சொல் இரண்டு ஃபுட்களுக்கிடையே உடைகிறது. நாம் வகையுளி என்று சொல்வது போல. மூன்றாவது ஃபுட்டைப் பாருங்கள். யாப்புப்படி 'டு' அழுந்த வேண்டும், ஆனால் பேச்சில் யாரும் அதை அழுத்துவதில்லை. நல்ல வாசிப்பில் அந்த இடம் லேசாகத் தாண்டிப் போகும். யாப்பின் சட்டம் ஒருபக்கம் இழுக்க, பேச்சு இன்னொரு பக்கம் இழுக்க, அடிக்கு உயிர் வருவது அங்கேதான். அதனால் எல்லா அடியிலும் ஐந்து அழுத்தமும் சமமாக விழும் என்று எதிர்பார்க்காதீர்கள். விலகும் இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, ஏன் விலகுகிறது என்று கேளுங்கள்.

வரிசை தலைகீழாகி அழுத்தம் முதலில் வந்தால் ட்ரோக்கி. மூன்று அசையில் அழுத்தம் கடைசியில் வந்தால் அனபெஸ்ட், முதலில் வந்தால் டாக்டைல். மேசையில் விரலால் தட்டிக்கொண்டே வாய்விட்டுப் படியுங்கள்; கண்ணால் மட்டும் படித்து யாருக்கும் மீட்டர் (யாப்பு) வந்ததில்லை.

பிளாங்க் வெர்ஸ், ஃப்ரீ வெர்ஸ் இரண்டும் ஒன்றா?

இல்லை. பிளாங்க் வெர்ஸில் யாப்பு உண்டு, ரைம் மட்டும் கிடையாது. ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பெரும்பகுதியும் 1667-இல் வெளிவந்த மில்டனின் காவியமும் இப்படி ரைம் இல்லாத அயாம்பிக் பெண்டாமீட்டர். ஃப்ரீ வெர்ஸில் ஒரே சீரான யாப்பும் இல்லை, கட்டாய ரைமும் இல்லை. அமெரிக்கக் கவிஞர் விட்மன் 1855-இல் வெளியிட்ட தொகுப்பிலிருந்து அது வலுவாகப் பரவியது. நம் புதுக்கவிதைக்கு ஒப்பானது இரண்டாவது.

சானெட் என்றால் பதினான்கு அடி. வேறென்ன?

எங்கே திரும்புகிறது என்று பாருங்கள். இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கின் வடிவம் எட்டு அடி, ஆறு அடி என்று பிரியும். ஒன்பதாம் அடியை ஒட்டி எண்ணம் திசை மாறும். அதை வோல்டா என்பார்கள். ஆங்கில வடிவம் மூன்று நாலடிகளும் கடைசியில் ஓர் ஈரடியும். ஷேக்ஸ்பியரின் 154 சானெட்டுகள் 1609-இல் அச்சாயின. பதினெட்டாம் சானெட்டில் 'டே'யோடு 'மே' ரைம் ஆவது மூன்றாம் அடியில். ஒன்று விட்டு ஒன்று.

ஐரனி என்றால் கிண்டலா?

கிண்டல் சார்கஸம். அது ஒருவரைக் குத்துவதற்கு. ஐரனி அதைவிடப் பெரியது: சொல்லுக்கும் பொருளுக்கும், அல்லது எதிர்பார்ப்பதற்கும் நடப்பதற்கும் நடுவே உள்ள இடைவெளி.

வெர்பல் ஐரனிக்கு நம் இலக்கியத்தில் அருமையான சான்று புறநானூறு 95. ஔவையார் தொண்டைமானிடம் தூது போனபோது அவன் தன் படைக்கலங்களைக் காட்டுகிறான். உன் ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவலுள்ள மனையில் அழகாக இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி, நுனி சிதைந்து, கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் அவர். மேலே புகழ்ச்சி. உள்ளே, நீ போர்க்களம் பார்க்காதவன் என்ற எச்சரிக்கை. ஆங்கிலத்தில் 1729-இல் ஸ்விஃப்ட், அயர்லாந்தின் ஏழைகள் தங்கள் குழந்தைகளை உணவாக விற்கலாம் என்று நிதானமான குரலில் யோசனை சொன்னார். அந்த நிதானம்தான் ஐரனி. அடியில் கொதிப்பது கோபம்.

டிராமாடிக் ஐரனியில் பார்வையாளருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாது. மாக்பெத் நாடகத்தில் முதல் அங்கம் ஆறாம் காட்சியில் அரசன் டங்கன், தான் கொல்லப்படப்போகும் கோட்டையின் இதமான காற்றைப் பாராட்டுகிறான். சிச்சுவேஷனல் ஐரனி, நடந்தது எதிர்பார்த்ததற்கு நேர் எதிராவது. தீயணைப்பு நிலையமே தீப்பற்றுவது போல. கல்யாண நாளில் மழை வந்தால் அது வெறும் துரதிர்ஷ்டம், ஐரனி இல்லை.

சொலிலக்வி, மோனலாக், அசைட்?

மேடையில் தனியாக, தன் மனத்தையே வாய்விட்டுப் பேசினால் சொலிலக்வி. ஒருவர் நீளமாகப் பேசுவது எல்லாம் மோனலாக்; எதிரில் ஆள் இருக்கலாம். மற்ற பாத்திரங்கள் அருகே இருக்க, பார்வையாளருக்கு மட்டும் கேட்குமாறு சொல்லும் ஓரிரு சொற்கள் அசைட். கவிதையில் வரும் டிராமாடிக் மோனலாக் தனி வகை. 1842-இல் பிரௌனிங் எழுதிய, ஒரு பிரபு இறந்துபோன தன் மனைவியின் ஓவியத்தைக் காட்டிப் பேசும் கவிதை பாடத்திட்டங்களில் அடிக்கடி வரும். அதில் பேசுவது பிரபு, பிரௌனிங் இல்லை. 'இங்கே கவிஞர் தன் மனைவியைப் பற்றிச் சொல்கிறார்' என்று எழுதினால் மதிப்பெண் போவது மட்டும் இல்லை, கவிதையே கை நழுவிவிடும். 'ஸ்பீக்கர்' என்று எழுதிப் பழகுங்கள். கதையில் அதுவே 'நரேட்டர்'.

ஹமார்ஷியா என்றால் கதாநாயகனின் கெட்ட குணமா?

அரிஸ்டாட்டில் சொன்னது 'தவறு' என்பதற்கு நெருக்கமானது. குறி தப்புவதைச் சொல்லும் கிரேக்க வினையிலிருந்து வந்தது. கிரேக்க நாடக நாயகன் ஈடிபஸ் தன் தந்தையைக் கொன்றது யாரென்று தெரியாமல். அதைக் குணக்கேடு என்பதைவிட அறியாமையால் நேர்ந்த தவறு என்பதே பொருந்தும். டிராஜிக் ஃபிளா என்று குணத்தின் குறையாகப் படிப்பதும் வழக்கில் உண்டு. எந்தப் பொருளில் எடுக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தொடருங்கள்.

ஸ்டோரி, பிளாட் வேறுபாட்டை ஒரே வரியில் சொல்ல முடியுமா?

இ.எம். ஃபார்ஸ்டர் 1927-இல் சொன்ன எடுத்துக்காட்டு போதும்: அரசன் இறந்தான், பிறகு அரசி இறந்தாள் என்பது ஸ்டோரி, அரசன் இறந்தான், அந்தத் துயரத்தால் அரசி இறந்தாள் என்பது பிளாட். காரணம் சேர்ந்தால் பிளாட்.

கிரிட்டிகல் அப்ரிசியேஷனில் இந்தச் சொற்களை எப்படிப் பயன்படுத்துவது?

'இக்கவிதையில் அலிட்டரேஷன், மெட்டஃபர், பெர்சானிஃபிகேஷன் ஆகியவை உள்ளன' என்று பட்டியல் போடும் விடைகள் ஏராளம். அந்த வரியை எந்தக் கவிதைக்கும் எழுதலாம் என்பதுதான் அதன் குறை. சொல்லைச் சொன்ன கையோடு, அது அந்த இடத்தில் என்ன செய்கிறது என்றும் சொல்ல வேண்டும்.

1794-இல் பிளேக் வெளியிட்ட புலிக் கவிதை 'டைகர் டைகர், பர்னிங் பிரைட்' என்று தொடங்குகிறது. இதில் அலிட்டரேஷன் உண்டு என்று எழுதினால் அரை மதிப்பெண் விடை. இப்படி எழுதிப் பாருங்கள்: அடி அழுத்தமுள்ள அசையில் தொடங்கும் ட்ரோக்கியில் அமைந்திருக்கிறது, 'டைகர்' இரண்டு முறை ஒலிப்பதும் 'பர்னிங் பிரைட்' என்று பகரம் இரண்டு முறை முட்டுவதும் அடித்து அடித்து விழும் ஓசையைத் தருகின்றன, நான்காவது பத்தியில் சுத்தியலும் பட்டறைக் கல்லும் உலையும் வரும்போது, அந்த ஓசை முதல் அடியிலேயே தொடங்கிவிட்ட கொல்லனின் அடி என்று தெரிகிறது.